மக்காச்சோள நாட்டின் வானொலிக் குரல்கள்

அமெரிக்காவின் நடுமேற்கில் காரில் போகிறவருக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. ஏ.எம். வானொலியைத் திருப்பினால் போதும். காலையில் ஒருவர் எல்லை தாண்டி வருகிறவர்களைப் பற்றிக் கொதிக்கிறார். நண்பகலில் இருவர் நியூயார்க் பத்திரிகைகளைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். மாலையில் இன்னொருவர் அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார், பாதி நேரம் கத்தியபடி. இடையிடையே, டாலர் சரியப் போகிறது, தங்கம் வாங்கி வையுங்கள் என்று விளம்பரம். அட்சய திருதியைக்கு நம்மூர் நகைக்கடைகள் செய்வதை இவர்கள் ஆண்டு முழுக்கச் செய்கிறார்கள்.

2024 அக்டோபரில், அதிபர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தபோது, சிகாகோ பக்கம் வசிக்கும் அக்கா மகனோடு இந்த வானொலி நாட்டைச் சுற்றக் கிளம்பினேன். அவனுடையது மின்சாரக் கார். "மாமா, இதுல ஏ.எம். வராது. மோட்டார் இரைச்சல் சிக்னலைக் கெடுக்குதுன்னு அதையே எடுத்துட்டாங்க" என்றான். அதுவே அங்கே அரசியல் ஆகிவிட்டிருந்தது. 2023இல் ஃபோர்டு தன் புதிய கார்களில் ஏ.எம்.மை நிறுத்தப் போவதாகச் சொல்லி, எழுந்த கூச்சலில் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. பழமைவாதத் தொகுப்பாளர்கள் தங்கள் குரல்வளையை நெரிக்கும் சதி என்றார்கள். எல்லாக் கார்களிலும் ஏ.எம். கட்டாயம் என்ற மசோதாவை இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். நாங்கள் பெட்ரோல் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

குடியரசுக் கட்சி பிறந்த ஊர், அதன் பெரிய நாயகர் வளர்ந்த ஊர், அதன் பெரிய வாய் பிறந்த ஊர்: மூன்றையும் ஒரே சாலைப் பயணத்தில் பார்த்துவிடலாம். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கட்சிக்கு வெளியே இருந்து அதற்குப் புத்தி சொல்லும் இந்தப் பழமைவாத விமர்சகர்கள் உண்மையில் யாரை வழிநடத்துகிறார்கள்?

முதல் நிறுத்தம் மில்வாக்கி. விஸ்கான்சின் மாநிலத்தில் பழமைவாத வானொலி என்றால் நீண்ட காலம் சார்லி சைக்ஸ்தான். உள்ளூர் நிலையமான டபிள்யூ.டி.எம்.ஜே.யில் அவர் காலை நேரத்தில் பேசுவார். மாநிலத்தின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் அவர் முன் உட்காரக் காத்திருப்பார்கள். 2016 மார்ச் இறுதியில் டொனால்ட் டிரம்ப் அந்த நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தார். உங்களை ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம் என்று சொல்பவர்களில் நானும் ஒருவன், தெரியுமா என்று சைக்ஸ் கேட்க, தெரியாது என்றார் டிரம்ப். சைக்ஸோடு மாநிலத்தின் மற்ற பழமைவாதத் தொகுப்பாளர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஏப்ரல் 5 முதனிலைத் தேர்தலில் டெட் குரூஸ் 48 விழுக்காடு, டிரம்ப் 35. வானொலி ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஏழே மாதம். நவம்பரில் அதே விஸ்கான்சினில் டிரம்ப் ஏறத்தாழ 23,000 வாக்குகளில் வென்றார். ஏப்ரலில் சைக்ஸைக் கேட்டவர்கள், நவம்பரில் சைக்ஸைத் திட்டினார்கள். அந்த ஆண்டு முடிவில் அவர் நிகழ்ச்சியை விட்டு விலகினார். அதன்பின் மாநிலம் இரண்டு முறை புரண்டது: 2020இல் பைடன் ஏறத்தாழ 21,000 வாக்குகளிலும், 2024இல் மீண்டும் டிரம்ப் ஏறத்தாழ 29,000 வாக்குகளிலும் வென்றார்கள். முப்பது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழும் இடத்தில் இதெல்லாம் மயிரிழை. அதனால்தான் 2024 கட்சி மாநாட்டையே மில்வாக்கியில் வைத்தார்கள். நாங்கள் போனபோது ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டு வாசல்களில் இரு கட்சிப் பலகைகளும் நின்றன. பலகை வைக்காத வீடுகளே அதிகம். "அவங்கதான் மாமா முடிவு பண்றவங்க" என்றான் மருமகன்.

வடக்கே போனால் ஆப்பிள்டன். ஃபாக்ஸ் நதிக்கரைக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஜோசஃப் மெக்கார்த்தி புதைக்கப்பட்டிருக்கிறார். அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கிறார்கள் என்று 1950களின் தொடக்கத்தில் நாட்டையே கலக்கிய செனட்டர். ஊரையொட்டிய கிராண்ட் ஷூட்டில் இருக்கிறது ஜான் பர்ச் சங்கத்தின் தலைமையகம். அதை நிறுவிய ராபர்ட் வெல்ச், அதிபர் ஐசனோவரையே கம்யூனிஸ்ட் சதியின் கையாள் என்று எழுதியவர். 1955இல் 'நேஷனல் ரிவ்யூ' என்ற பழமைவாத இதழைத் தொடங்கிய வில்லியம் பக்லிக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. மெக்கார்த்தியை ஆதரித்துப் புத்தகம் எழுதியவர்தான் பக்லி. ஆனால் வெல்ச்சோடு ஒரே வண்டியில் ஏறினால் பழமைவாதம் ஒருபோதும் ஆட்சிக்கு வராது என்று கணக்குப் போட்டார். 1962இல் தன் இதழில் வெல்ச்சை வெளியே தள்ளி நீண்ட கட்டுரை எழுதினார். வாசகர்கள் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். இயக்கம் நிமிர்ந்து நடந்தது.

அந்தக் காலத்து விமர்சகனுக்கு வாசலில் நின்று யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்ல முடிந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே இதழ் ஒரு முழு இதழையே டிரம்புக்கு எதிராகக் கொண்டுவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பழமைவாத எழுத்தாளர்கள் கையெழுத்திட்டார்கள். இந்த முறை வாசலில் நின்றவர்களை மிதித்துக்கொண்டு கூட்டம் உள்ளே போனது. பக்லியின் கட்டுரையில் இருந்த வாதத்திறமை இவற்றில் இல்லாமல் போய்விடவில்லை. 1962இல் பழமைவாத வாசகனுக்கு வேறு போக்கிடம் அதிகம் இல்லை. 2016இல் அவன் கையிலேயே நூறு குரல்கள் இருந்தன. அதுதான் வித்தியாசம்.

ஆப்பிள்டனிலிருந்து தென்மேற்கே சிறிது தூரத்தில் ரிப்பன். கல்லூரியும் சலவை இயந்திரத் தொழிற்சாலையும் கொண்ட அடக்கமான ஊர். இங்கே வெள்ளைச் சாயம் பூசிய ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 1854 மார்ச் 20 அன்று ஆல்வன் போவே என்ற வழக்கறிஞர் கூட்டிய கூட்டத்தில்தான், அடிமை முறையைப் புதிய பிரதேசங்களுக்குப் பரவவிடும் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்து ஒரு புதிய கட்சி வேண்டும் என்று முடிவானது. மிச்சிகனின் ஜாக்சன் நகரம், முறைப்படி மாநாடு நடந்தது எங்களிடம்தான் என்று இன்றைக்கும் உரிமை கொண்டாடுகிறது. பள்ளிக்கூடமே சில முறை இடம் பெயர்ந்திருக்கிறது. கடைசியாக 2023இல் வண்டியில் ஏற்றி ஊர் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே மர பெஞ்சுகள், குறுகிய ஜன்னல்கள். இத்தனை சின்ன அறையிலிருந்து ஆறே ஆண்டுகளில் லிங்கனை அதிபராக்கிய கட்சி வந்தது என்பதை நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் போவதற்குச் சற்று முன்னால், அக்டோபர் 3 அன்று, ரிப்பன் கல்லூரியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் பேசியிருந்தார். பக்கத்தில் நின்று அவருக்கு வாக்குக் கேட்டவர் லிஸ் செய்னி. துணை அதிபராக இருந்த டிக் செய்னியின் மகள், காங்கிரஸில் குடியரசுக் கட்சியின் மூன்றாம் இடத் தலைவராக இருந்தவர். வரிக்குறைப்பு, ராணுவம், கருக்கலைப்பு எதை எடுத்தாலும் அக்மார்க் பழமைவாதி. கட்சி பிறந்த ஊருக்கே வந்து கட்சி வேட்பாளருக்கு எதிராக ஓட்டுக் கேட்டார் என்றால் நாடகத்துக்குக் குறைவில்லை. தொலைக்காட்சிகள் ரசித்தன. ரிப்பன் இருக்கும் ஃபான் டு லாக் கவுண்டி நவம்பரில் டிரம்புக்கே பெரும்பான்மை கொடுத்தது.

மாநில எல்லை தாண்டி இல்லினாய்ஸுக்குள் இறங்கினால் டிக்சன். ராக் நதிக்கரை ஊர். ரொனால்ட் ரேகன் சிறுவனாக வளர்ந்த வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். கணப்பு அடுப்பருகே ஆடும் ஓடு ஒன்றைக் காட்டி, அதற்கடியில்தான் பையன் சில்லறைக் காசு ஒளிப்பான் என்கிறார்கள். நதியோரப் பூங்காவில் கோடைகாலங்களில் உயிர்காப்பாளனாக 77 பேரைக் காப்பாற்றியதும் ஊர்ப் பெருமை. அப்பா ஜாக், செருப்புக் கடை விற்பனையாளர், குடிப்பவர், அசைக்க முடியாத ஜனநாயகக் கட்சிக்காரர். பெருமந்தத்தில் வேலை போனபின், ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணத் திட்டத்தில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. மகனும் ரூஸ்வெல்ட்டுக்கு நான்கு முறை ஓட்டுப் போட்டவர். குடியரசுக் கட்சிக்கு மாறியது 1962இல், ஐம்பது வயது கடந்த பிறகு.

அரசாங்கம் தீர்வல்ல, அதுவே பிரச்சினை என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவரின் ஊரில், நகராட்சியின் கணக்குப் பொறுப்பாளர் இருபது ஆண்டுகளில் 5 கோடி டாலருக்கு மேல் சுருட்டிக் கண்காட்சிப் போட்டிக் குதிரைகள் வளர்த்தார். 2012இல் பிடிபட்டு இருபது ஆண்டுக்குச் சற்றே குறைந்த தண்டனை பெற்றார். நாங்கள் திரும்பிவந்து சில வாரங்களில், டிசம்பரில், பைடன் அந்தத் தண்டனையைக் குறைத்து விட்டுவிட்டார். டிக்சன் கொதித்தது. பழமைவாத வானொலிக்கு அதைவிட நல்ல தீனி வேண்டுமா?

ரேகனின் பேச்சுத் தொழில் தொடங்கியது மிசிசிப்பியைத் தாண்டி, அயோவாவில். 1932இல் டேவன்போர்ட் நகரின் டபிள்யூ.ஓ.சி. நிலையத்தில் விளையாட்டு வர்ணனையாளராகச் சேர்ந்தார். முதுகெலும்பு வைத்தியம் கற்றுத்தரும் ஒரு பள்ளியின் முதலாளிதான் நிலையத்துக்கும் முதலாளி. பிறகு தலைநகர் டி மொய்னில், 50,000 வாட் சக்திகொண்ட டபிள்யூ.எச்.ஓ. சிகாகோவில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்தை ரேகன் டி மொய்ன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வர்ணிப்பார். தந்தியில் ஓரிரு எழுத்தில் குறிப்பு வரும். பந்தின் வேகம், கூட்டத்தின் ஆரவாரம், ஆட்டக்காரர் தொப்பியைச் சரிசெய்வது எல்லாம் அவர் கற்பனை. ஒருநாள் நடு ஆட்டத்தில் தந்தி அறுந்துபோனது. சொன்னால் நேயர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். மட்டையாளரைத் தொடர்ந்து ஃபவுலாகவே அடிக்க வைத்து ஏழு நிமிடம் போல ஓட்டினார். தந்தி திரும்பியபோது தெரிந்தது: அந்த ஆள் முதல் பந்திலேயே அவுட்டாகியிருந்தார். ரேகனே பின்னாளில் மேடை மேடையாகச் சொல்லிச் சிரித்த கதை இது.

ரேகன் 1964இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் ஆற்றிய ஒரே உரையில் தேசியத் தலைவரானார். கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களில் மட்டுமே வென்றார். ரேகன் இரண்டே ஆண்டில் கலிஃபோர்னிய ஆளுநர். பதவி முடிந்ததும் 1975முதல் 1979வரை மீண்டும் வானொலிக்கே வந்தார். சில நிமிடங்களே ஓடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் உரைகள். பெரும்பகுதியைத் தன் கைப்பட எழுதினார். பழமைவாத விமர்சகராக இருந்து அதிபரானவர் என்று அவரைச் சொன்னால் மிகையில்லை. அவரே அதிபராக, இன்றைய வானொலிக்கு வாசலையும் திறந்துவிட்டார். சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949முதல் நிலையங்களைக் கட்டுப்படுத்திய விதியை அவர் காலத்து ஒலிபரப்பு ஆணையம் 1987இல் நீக்கியது. அதற்குச் சற்று முன் காங்கிரஸ் அந்த விதியைச் சட்டமாக்கப் பார்த்தபோது ரேகன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார்.

டி மொய்னைத் தாண்டியதும் அறுவடை. சோளத்தட்டை பறக்கும் வயல்கள், சாலையை அடைத்துப் போகும் அறுவடை இயந்திரங்கள், விதைக் கம்பெனித் தொப்பிகள். ஒரு சிற்றூர்க் காப்பிக்கடையில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரி 15 அன்று நடந்த காகஸ் கூட்டத்துக்குப் போனவர். கடுங்குளிர், பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி. பள்ளிக்கூட உணவறையில் அக்கம்பக்கத்தார் கூடி, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேச, பிறகு துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போட்டார்களாம். மாநில ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ், சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடம் செல்வாக்குள்ள பாப் வேண்டர் பிளாட்ஸ், அயோவாவின் பழமைவாதத் தொகுப்பாளர் ஸ்டீவ் டீஸ் மூவரும் டிரம்பை எதிர்த்து நின்ற ரான் டிசாண்டிஸை ஆதரித்தார்கள். டிசாண்டிஸ் பெற்றது 21 விழுக்காடு, டிரம்ப் 51. மொத்தம் 99 கவுண்டிகளில் 98 டிரம்புக்கு. மீதி ஒன்றை இன்னொரு வேட்பாளரான நிக்கி ஹேலியிடம் ஒரே ஒரு வாக்கில் இழந்தார்.

"நீங்க கேக்கற தொகுப்பாளர் சொன்னவருக்குப் போடலையா?" என்று கேட்டேன். பெரியவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் அவரை இருபது வருஷமா கேக்கறேன். டிராக்டர்ல வேற என்ன செய்யறது? அவர் சொன்னதுல பாதி எனக்கு முன்னாடியே தெரியும். மீதிப் பாதியைத்தான் அவர் என்கிட்டேர்ந்து கத்துக்கணும்." பிறகு எங்களை உற்றுப் பார்த்து, அந்த இளைஞர், அதான் உங்க ஊர்ப் பெயர்க்காரர், இங்கே வந்து நன்றாகப் பேசினார் என்றார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமியைத்தான் சொல்கிறார். 99 கவுண்டிகளையும் இரண்டு சுற்றுச் சுற்றி 7.7 விழுக்காடு வாங்கி, அன்றிரவே விலகி டிரம்ப் பக்கம் சேர்ந்தவர்.

காருக்குத் திரும்பியதும் மருமகன், "கேட்டீங்களா மாமா, வாத்தியாருக்கே மார்க் போடறாரு" என்றான்.

மிசிசிப்பியை ஒட்டித் தெற்கே இறங்கினால் மிசூரியின் கேப் ஜிராடோ. நான் முதலில் சொன்ன பெரிய வாய், வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா பிறந்த ஊர். நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பிலேயே அந்தப் பெயர் பெரிதாக நிற்கிறது. ஆனால் அது வானொலிக்காரரின் தாத்தா, 104 வயதுவரை வாழ்ந்த வழக்கறிஞர். பேரனுக்கு இடம் ஆற்றங்கரையில். வெள்ளத் தடுப்புச் சுவரில் மிசூரியின் புகழ்பெற்றவர்களை வரைந்திருக்கிறார்கள். மார்க் ட்வெய்ன், ட்ரூமன் இருக்கும் வரிசையில் லிம்பாவும்.

பள்ளிப் பருவத்திலேயே உள்ளூர் நிலையத்தில் வேறு பெயரில் பாட்டுப் போட்டவர் லிம்பா. 1988 ஆகஸ்ட்டில் அவருடைய நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனபோது, சூழ்நிலை அவருக்காகவே செய்துவைத்ததுபோல் இருந்தது. பாட்டெல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட, ஏ.எம். நிலையங்கள் ஓட்டாண்டியாகக் கிடந்தன. விதியும் போய்விட்டது. நிகழ்ச்சியைப் பெரும்பாலும் காசு வாங்காமல் கொடுத்து, அதில் சில நிமிட விளம்பர நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நண்பகலுக்குச் செலவில்லாமல் மூன்று மணி நேரம் நிரம்பினால் எந்த நிலையக்காரர் வேண்டாமென்பார்? 1994இல் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து, நாற்பது ஆண்டுக்குப் பின் கீழவையைக் கைப்பற்றியது. புதிய உறுப்பினர்கள் லிம்பாவைக் கௌரவ உறுப்பினராக்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் வெறும் வெறுப்பு வியாபாரம் என்று நகரத்து நண்பர்கள் ஒதுக்குவார்கள். அது பாதி உண்மைதான். தேவாலயம், துப்பாக்கி, சிறுதொழில், வரி என்று தங்களுக்கு முக்கியமானவற்றைத் தொலைக்காட்சிச் செய்தி எப்போதும் யாரோ அந்நியரின் வினோதப் பழக்கம்போலக் காட்டியது என்ற மனத்தாங்கல் இந்த ஊர்களில் ஆழமானது. அதற்கு நியாயமும் உண்டு. லிம்பா அவர்களைச் சிரிக்க வைத்தார். நீங்கள் தனியாக இல்லை என்றார். அதுதான் அவருடைய முதல். அந்த முதலைக் காப்பதற்காகவே பிற்காலத்தில் அவர் வளைந்தார். சிக்கனமான அரசு என்று முப்பது ஆண்டு பாடம் எடுத்தவர், 2019 ஜூலையில், பற்றாக்குறை பெருகுவதைக் குறித்து ஒரு நேயர் கேட்டபோது, இப்போது யாரும் நிதிச் சிக்கனவாதி இல்லை என்று கைவிரித்தார். முந்தைய ஆண்டு நவம்பர் 5 இரவு, இடைக்காலத் தேர்தல் பிரசாரத்தின் கடைசிக் கூட்டத்தை டிரம்ப் இதே கேப் ஜிராடோவில்தான் நடத்தினார். அறிமுகம் செய்தவர் லிம்பா. 2020இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். 2021 பிப்ரவரியில் புற்றுநோய்க்குப் பலியானார்.

நேயர் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தொலைக்காட்சியும் கற்றுக்கொண்டது. 2020 தேர்தல் இரவில் அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ். கணிப்பு சரி, பார்வையாளர்கள் போட்டிச் சேனலுக்குப் போனார்கள். தொகுப்பாளர்களும் நிர்வாகிகளும் அதைக் குறித்துத் தங்களுக்குள் அனுப்பிய பதற்றமான செய்திகள், தன் இயந்திரங்கள் மோசடி செய்ததாக ஒலிபரப்பியதற்காக டொமினியன் வாக்கு இயந்திர நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில் வெளிவந்தன. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. தாங்களே நம்பாததை ஏன் ஒலிபரப்பினார்கள் என்ற கேள்விக்கு அந்தச் செய்திகளிலேயே விடை இருந்தது.

ஆக, கிளம்பும்போது வைத்திருந்த கேள்வியே தலைகீழ். பக்லி காலத்தில் விமர்சகன் முன்னால் நடந்தான். இன்று நேயர்கள் முன்னால் நடக்கிறார்கள். விமர்சகன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, அவர்கள் போகும் திசைக்குக் காரணம் கற்பிக்கிறான். ஓட மறுத்த சைக்ஸ் நிகழ்ச்சியை விட்டு விலகினார், செய்னிக்குப் பதவி போனது.

அந்த நேயர்களோ கட்சி நினைப்பதுபோலவும் நடப்பதில்லை. 2024 நவம்பரில் மிசூரி டிரம்புக்கு 58 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தது. அதே சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் எழுதும் திருத்தத்துக்கும் பெரும்பான்மை. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கி, சம்பளத்தோடு நோய் விடுப்பும் தரும் திட்டத்துக்கும் பெரும்பான்மை. வானொலியில் மூன்று மணி நேரம் திட்டப்படும் விஷயங்கள் இவை. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை நோய் விடுப்பை ரத்து செய்தது. கருக்கலைப்புத் திருத்தத்தை மீண்டும் மக்களிடம் கொண்டுபோக ஏற்பாடும் செய்தது. காப்பிக்கடைப் பெரியவரைப் போன்றவர்கள் மிசூரியிலும் இருப்பார்கள். வானொலியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சீட்டில் தனக்குத் தோன்றியதைக் குறிக்கும் அவர்களை, தன் சொத்து என்று நினைக்கும் தொகுப்பாளரும் ஏமாறுவார், கட்சியும் ஏமாறும்.